மாதா காட்சி: கடைசியாக நம்புவது திருச்சபை

பக்தர்கள் திரள ஒரு வதந்தி போதும். 'ஆம், உண்மைதான்' என்று சொல்ல மட்டும் திருச்சபைக்கு லேசில் மனம் வருவதில்லை. இப்போது அந்தச் சொல்லையே ரோம் கைவிட்டிருக்கிறது. கலங்கிப் போயிருப்பவர்கள், காட்சிகளை எளிதில் நம்பாத பழைய மரபினர்.

போஸ்னியாவில் கல்லும் முள்ளுமான குன்றுகளுக்கு நடுவே இருக்கிறது மெட்ஜுகோரியே. புகையிலையும் திராட்சையும் பயிரிட்டுக் காலம் தள்ளிய கிராமம். 1981 ஜூன் கடைசியில், ஊருக்கு மேலே உள்ள குன்றில் தேவமாதாவைக் கண்டதாக ஆறு பேர் சொன்னார்கள். எல்லோரும் இளவயதினர், கடைக்குட்டிக்கு வயது பத்து. அப்போது அது கம்யூனிஸ்ட் யுகோஸ்லாவியா. போலீஸ் வந்தது, விசாரித்தது, மிரட்டியது. கூட்டம் குறையவில்லை. பிறகு நாடே துண்டு துண்டானது. போர் வந்து ஓய்ந்தது. அன்றைய சிறுவர்கள் பெற்றோர்களாகி நரை கண்டார்கள். லட்சக்கணக்கான யாத்ரீகர்களை நம்பி விடுதிகளும் ஜெபமாலைக் கடைகளும் முளைத்தன. அங்கே மாதா உண்மையிலேயே வந்தாரா என்ற கேள்விக்கு மட்டும் விடை வரவில்லை.

43 ஆண்டுகள் கழித்து, 2024 செப்டம்பர் 19 அன்று வாடிகன் வாய் திறந்தது. மெட்ஜுகோரியேவுக்குப் போகலாம், ஜெபிக்கலாம், தடை ஏதும் இல்லை. ஆனால் அங்கே நடந்தது தெய்வீகச் செயல் என்று நாங்கள் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இதுதான் தீர்ப்பின் சாரம்.

பக்தர்களுக்கு இது பாதி வெற்றி. வெற்றியே இல்லை என்று முகம் சுளித்தவர்கள் இன்னொரு சாரார்: லத்தீன் பூசை, பழைய ஞானோபதேசம், தினமும் ஜெபமாலை என்று மரபை விடாமல் பிடித்திருக்கும் கத்தோலிக்கர்கள். மாதா பக்தியில் இவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் மெட்ஜுகோரியேவை ஆரம்பத்திலிருந்தே சந்தேகக் கண்ணோடு பார்த்தவர்களில் முன்வரிசையில் இருந்தவர்களும் இவர்களே. லத்தீன் பூசைக்காகப் போராடிய உலக அமைப்பான ஊனா வோசேயின் தலைவராக இருந்த பிரிட்டிஷ் எழுத்தாளர் மைக்கேல் டேவிஸ், மெட்ஜுகோரியேவை எதிர்த்து ஒரு நூலே எழுதினார்.

பழமையில் பற்றுள்ளவர்கள் அற்புதம் என்று யார் சொன்னாலும் கையெடுத்துக் கும்பிடுவார்கள் என்பது வெளியே இருப்பவர்களின் எண்ணம். கத்தோலிக்க மரபில் நிலைமை நேர் எதிர்.

மரபு போட்டு வைத்திருக்கும் கணக்கு இது: மனிதர்களின் மீட்புக்காகக் கடவுள் சொல்ல வேண்டியதெல்லாம் கிறிஸ்துவோடும் அப்போஸ்தலர்களோடும் சொல்லி முடிந்துவிட்டது. அது பொது வெளிப்பாடு. கத்தோலிக்கர் அதை நம்பியே ஆக வேண்டும். அதற்குப் பிறகு யாருக்கு எந்தக் காட்சி கிடைத்தாலும் அது தனி வெளிப்பாடு. அது முன்னதோடு எதையும் கூட்டவும் முடியாது, கழிக்கவும் முடியாது. 1563ல் திரெந்து பொதுச்சங்கம், ஆயரின் ஆய்வும் ஒப்புதலும் இல்லாமல் எந்தப் புதிய அற்புதத்தையும் ஏற்கக் கூடாது என்று சட்டமே போட்டது.

இதற்கு முழு வடிவம் கொடுத்தவர், பிற்பாடு 14ஆம் பெனடிக்ட் என்ற பெயரில் போப் ஆன லாம்பெர்த்தினி. புனிதர் பட்ட விசாரணைகளில் குறுக்குக் கேள்வி கேட்பதற்கென்றே அன்று ஓர் அதிகாரி இருந்தார். 'சாத்தானின் வக்கீல்' என்பது அந்தப் பதவிக்கு ஜனங்கள் வைத்த பெயர். அதில் பல ஆண்டு இருந்தவர் அவர். 1730களில் வெளியான தன் பெரிய நூலில் அவர் எழுதியதன் சாரம்: திருச்சபை ஒரு காட்சியை அங்கீகரிக்கிறது என்றால், அதை மக்கள் படித்துப் பயன் பெறலாம் என்று அனுமதிக்கிறது, அவ்வளவுதான். அதை ஏற்பவர், நம்பத் தகுந்த ஒரு மனிதரின் பேச்சை ஏற்பதுபோல் தன் புத்திக்கு எட்டியவரை ஏற்கிறார். தக்க காரணத்தோடு, அவமதிப்பு இல்லாமல் ஒருவர் மறுத்தாலும் அவரது விசுவாசத்துக்குக் குறைவில்லை.

தமிழ்நாட்டில் லூர்து மாதா கெபி இல்லாத பங்குக் கோயிலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். என்றாலும், லூர்தில் மாதா தோன்றியதை நான் நம்பவில்லை என்று சொல்பவர் கத்தோலிக்கராகவே நீடிக்கலாம். நற்கருணை வாங்கலாம். பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. பக்தர்களின் காதில் அடிக்கடி விழும் செய்தி அல்ல இது.

புனிதர்களே இந்த விஷயத்தில் கறாராக இருந்திருக்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் அவிலா தெரசா கிறிஸ்துவின் காட்சி கண்டபோது, அது பேயின் வேலை என்று முடிவு கட்டிய ஆன்ம குரு, மறுபடி அந்த உருவம் தெரிந்தால் விரல்களுக்கு நடுவே கட்டைவிரலை நுழைத்துக் காட்டு என்றார். அந்த ஊரில் அது அசிங்கமான ஏளனச் சைகை. தெரசா மனம் நொந்தபடி அப்படியே செய்தார். கீழ்ப்படிந்தது சரிதான் என்று காட்சியில் வந்தவரே சொன்னதாகத் தன் சுயசரிதையில் எழுதுகிறார். மரபினர் இன்றும் எடுத்துக்காட்டும் சம்பவம் இது: நிஜமான காட்சி, திருச்சபை அதிகாரியின் சொல்லை மீறச் சொல்லாது.

அவரது தோழரான சிலுவை அருளப்பர் இன்னும் ஒரு படி மேலே போனார். காட்சியும் குரலும் வந்தால் வரவேற்க வேண்டாம், ஒதுக்கித் தள்ளுங்கள் என்றார். அது கடவுளிடமிருந்து வந்திருந்தால், அது தர வேண்டிய நன்மையை ஏற்கனவே ஆன்மாவில் தந்து முடித்திருக்கும், ஒதுக்குவதால் நஷ்டமில்லை. மனப்பிரமையாகவோ பேயின் வஞ்சனையாகவோ இருந்தால் தப்பித்தோம். காட்சிகளுக்கு ஆசைப்படுவதே வஞ்சனைக்குக் கதவைத் திறந்து வைப்பது என்பது அவரது எச்சரிக்கை.

இந்தச் சந்தேகப் புத்தி நடைமுறையில் எப்படி வேலை செய்தது என்பதற்கு லூர்துதான் நல்ல பாடம். 1858 பிப்ரவரி 11 முதல் ஜூலை 16 வரை பெர்னதெத் சூபிருவுக்கு 18 முறை காட்சி கிடைத்தது. 14 வயது, ஆஸ்துமா, சரியாகப் படிக்கத் தெரியாது. தொழில் நொடித்த மாவு மில்காரரின் குடும்பம், பழைய சிறைக் கொட்டடி ஒன்றில் குடியிருந்தது. போலீஸ் கமிஷனர் குடைந்தார். பங்குத் தந்தை பெய்ராமால் அதைவிடக் கடுமை காட்டினார். அந்தப் பெண்மணி தன் பெயரைச் சொல்லட்டும், குகையில் இருக்கும் காட்டு ரோஜாச் செடியைப் பனிக்காலத்தில் பூக்க வைக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்.

ரோஜா பூக்கவில்லை. மார்ச் 25 அன்று பெயர் மட்டும் வந்தது: 'நாமே அமல உற்பவம்.' மரியாள் ஜென்மப் பாவம் இல்லாமல் உற்பவித்தார் என்பதை 9ஆம் பத்திநாதர் விசுவாச சத்தியமாக அறிவித்து நான்கு ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாமல், மறந்துவிடாமல் இருக்க வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே பெர்னதெத் பங்குத் தந்தையின் வீட்டுக்கு ஓடி வந்தார். கோபக்காரப் பாதிரியார் ஆடிப்போனார். ஆடிப்போனாலும் தீர்ப்புச் சொல்வது அவர் வேலை அல்ல. தார்ப் ஆயர் லொரான்ஸ் விசாரணைக் குழு அமைத்தார். சாட்சிகளும் மருத்துவர்களும் விசாரிக்கப்பட்டு, 1862 ஜனவரி 18 அன்றுதான் தீர்ப்பு வந்தது.

பலருக்குத் தெரியாத ஒரு துணைக்கதையும் உண்டு. பெர்னதெத்தின் காட்சிகள் முடியும் தறுவாயில் லூர்திலும் சுற்று வட்டாரத்திலும் காட்சி காண்பது தொற்றுநோய் போலப் பரவியது. ஏறக்குறைய ஐம்பது பேர் தாங்களும் கண்டதாகக் கிளம்பினார்கள். சிலர் குகைக்குள் விழுந்து புரண்டார்கள், முகத்தைக் கோணிக்கொண்டு கத்தினார்கள். ஆயர் அத்தனை பேரையும் ஒதுக்கிவிட்டு ஒரே ஒரு பெண்ணின் சாட்சியத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். பெர்னதெத்தோ பணம் தந்தவர்களிடம் வாங்க மறுத்தார். 1866ல் நெவேர் கன்னியர் மடத்துக்குப் போனவர் லூர்துப் பக்கம் திரும்பவே இல்லை. 35 வயதில் இறந்த அவருக்கு 1933ல் புனிதர் பட்டம் கொடுத்தபோது, மாதாவைப் பார்த்ததற்காகக் கொடுக்கவில்லை. மடத்தில் அவர் வாழ்ந்த வாழ்க்கைக்காகக் கொடுத்தார்கள். லூர்தில் குணமானதாகப் பதிவான 7,000க்கு மேற்பட்ட நிகழ்வுகளில் திருச்சபை அற்புதம் என்று ஏற்றவை இன்றுவரை 70ஐச் சற்றே தாண்டுகின்றன.

அங்கீகாரம் கிடைத்துவிட்டால் காட்சி கண்டவரின் பேச்செல்லாம் வேதவாக்கு என்றும் ஆகிவிடாது. பிரான்ஸின் லா சலேத்தில் 1846ல் மாடு மேய்த்த இரண்டு பிள்ளைகள் கண்ட காட்சியை 1851ல் ஆயர் ஏற்றார். அதற்கு முந்தைய ஆண்டு, அந்தப் பையனிடம் பேசிய ஆர்ஸ் ஊர்ப் பங்குத் தந்தை ஜான் வியானி நம்பிக்கை இழந்து பல வருடம் சங்கடப்பட்டார். அவரும் புனிதர்தான். அந்தப் பெண் மெலானி பிற்காலத்தில் வெளியிட்ட 'ரகசியம்', பாதிரியார்களைச் சாடிய ஆவேசமான சிறுநூல். 1923ல் அதை ரோம் தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்த்தது. காட்சிக்கு அங்கீகாரம், கண்டவரின் நூலுக்குத் தடை. மரபில் இதில் முரண்பாடே கிடையாது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவில் காட்சிகள் பெருகின. 1951ல் வாடிகன் பத்திரிகையில், விசுவாசக் காவல் அலுவலகத்தின் மூத்த அதிகாரி ஒத்தாவியானி எச்சரிக்கைக் கட்டுரை எழுதினார். கிறிஸ்தவர்களே, இவ்வளவு சீக்கிரம் பரபரப்பு அடையாதீர்கள் என்பது அதன் தொனி. பூசையையும் வேதத்தையும் விட்டுவிட்டு அற்புதம் தேடி ஓடுவது மதப்பற்று ஆகாது என்று கண்டித்தார். பிற்காலத்தில் புதிய பூசை முறையை எதிர்த்துப் பழமையின் கோட்டையாக நின்றாரே, அதே ஒத்தாவியானிதான்.

அணை உடைந்தது 1966ல் என்பது பழைய மரபினரின் கணக்கு. அதுவரை, புதிய காட்சிகளைப் பற்றிய நூல்களைத் திருச்சபையின் அனுமதியின்றி வெளியிட 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு தடை விதித்திருந்தது. 6ஆம் பவுல் அதை நீக்கினார். அச்சகம் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் மாதா பேசத் தொடங்கினார் என்று சொன்னால் கொஞ்சம் குரூரம்தான்; பொய் என்று சொல்லிவிட முடியாது.

காட்சி தறிகெட்டால் எங்கே போய் முடியும் என்பதற்கு ஸ்பெயினில் செவில் நகருக்கு அருகே சாட்சி இருக்கிறது. பால்மார் தெ த்ரோயாவில் 1968ல் நான்கு சிறுமிகள் மாதாவைக் கண்டதாகச் சொன்னார்கள். பெரியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவர்களில் ஒருவர் கிளமெந்தே தொமிங்கேஸ். உள்ளூர்ப் பேராயர் ஏற்கவில்லை. காட்சியின் உத்தரவு என்று சொல்லி ஒரு வியட்நாமியப் பேராயரை வரவழைத்து 1976ல் முறைகேடாக ஆயர் பட்டம் பெற்றார் தொமிங்கேஸ். 1978ல் 6ஆம் பவுல் இறந்ததும், கிறிஸ்துவே தன்னை முடிசூட்டினார் என்று அறிவித்து 17ஆம் கிரகோரி என்ற 'போப்' ஆனார். மதில் சூழ்ந்த அந்தப் பெருங்கோயிலும் தனிப் போப்பும் இன்றும் அங்கே உண்டு. மரபின் பெயரால் தொடங்கி மரபிலிருந்தே வெளியேறிய கூட்டம்.

மெட்ஜுகோரியேவில் மரபினருக்கு உறுத்தியதும் கீழ்ப்படிதல்தான். ஆரம்பத்தில் மொஸ்தார் ஆயர் ஷானிச் அந்தப் பிள்ளைகளை ஆதரித்துப் பேசினார். அந்த மறைமாவட்டத்தில் பங்குகள் யாருக்கு என்று ஆயருக்கும் பிரான்சிஸ்கன் சபையினருக்கும் பல்லாண்டுத் தகராறு. சபை நடவடிக்கைக்கு ஆளான இரண்டு இளம் பாதிரியார்களின் பக்கமே நியாயம், ஆயர் அவசரப்பட்டுவிட்டார் என்று மாதா சொன்னதாகக் காட்சியாளர்கள் தெரிவித்தபோது ஆயரின் மனம் மாறியது. திருச்சபை அதிகாரிக்கு எதிராக மாதா கட்சி கட்டுவாரா? அவருக்கும் அவருக்குப் பின் வந்த பெரிச்சுக்கும் இந்த ஒன்றே போதுமானதாக இருந்தது. 1991ல் யுகோஸ்லாவிய ஆயர்கள், இது தெய்வீகம் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றார்கள்.

இன்னொரு உறுத்தல், பேச்சின் நீளம். லூர்தில் அந்தப் பெண்மணி சொன்னதை ஒரே பக்கத்தில் எழுதிவிடலாம். மெட்ஜுகோரியேவில் செய்திகள் ஆயிரக்கணக்கில். அறுவரில் மூவர் இன்றும் தினமும் காட்சி காண்பதாகச் சொல்கிறார்கள். நாள்தோறும் குறித்த நேரத்தில் செய்தி அனுப்பும் தந்தி ஆபீஸ் அதிகாரியல்ல நம் மாதா என்று போப் பிரான்சிஸ் 2017ல் விமானத்தில் நிருபர்களிடம் சொன்னபோது, அவரைக் கண்டாலே பிடிக்காத பழைய மரபினர் பலரும் அந்த ஒரு விஷயத்தில் தலையாட்டியிருப்பார்கள்.

இவர்களது சந்தேகம் எல்லாப் பக்கமும் சமமாகப் பாய்கிறது என்றும் சொல்ல முடியாது. பாத்திமா என்றால் தராசு சாய்கிறது. போர்ச்சுகலில் 1917ல் மூன்று சிறுபிள்ளைகள் கண்ட காட்சியை 1930ல் ஆயர் ஏற்றார். பாத்திமாவின் மூன்றாவது ரகசியத்தை 2000ல் வாடிகன் வெளியிட்டபோது, அன்று கர்தினாலாக இருந்த ராட்ஸிங்கர் பழைய கோட்பாட்டையே திருப்பிச் சொன்னார்: தனி வெளிப்பாடு ஓர் உதவி, பயன்படுத்திக்கொள்ளும் கட்டாயம் யாருக்கும் இல்லை. பழைய மரபினரில் ஒரு பிரிவு இதை ஏற்கவில்லை. முழு ரகசியமும் வெளிவரவில்லை, திருச்சபையின் சீரழிவைப் பற்றிய பகுதியை ரோம் பதுக்கிவிட்டது என்பது அவர்கள் வாதம். கனடாவிலிருந்து இயங்கி 2015ல் மறைந்த பாதிரியார் நிக்கோலஸ் குரூனர், வாழ்நாள் முழுவதும் இதற்காகவே இயக்கம் நடத்தினார். மெட்ஜுகோரியேவுக்குக் கீழ்ப்படிதல் என்ற உரைகல், பாத்திமாவுக்கு வேறு உரைகல். இதைச் சுட்டிக்காட்டினால் அவர்களுக்குக் கோபம் வருகிறது.

இந்தப் பின்னணியில்தான் 2024 மே மாதம் புதிய விதிகள் வந்தன. 1978 முதல் இருந்த முறையில் மூன்று தீர்ப்புகள்: தெய்வீகமானது, தெய்வீகமானது என்று நிரூபணமாகவில்லை, தெய்வீகமானதல்ல. புதிய முறையில் படிகள் ஆறு. மேல்படி 'தடையில்லை', கீழ்ப்படி 'தெய்வீகமல்ல'. இடையே எச்சரிக்கை முதல் தடை வரை பல நிலைகள். 'தெய்வீகமானது' என்ற தீர்ப்பையே காணோம். போப் விரும்பினால் மட்டும் விதிவிலக்கு. உள்ளூர் ஆயர் தன் இஷ்டத்துக்கு எதையும் அறிவிக்க முடியாது. ரோமின் ஒப்புதல் வேண்டும்.

வாடிகனின் விசுவாசக் கோட்பாட்டுத் துறைத் தலைவர் கர்தினால் ஃபெர்னாண்டஸ் சொல்லும் காரணங்கள் அலட்சியப்படுத்தக் கூடியவை அல்ல. 1950க்குப் பிறகு அதிகாரபூர்வமாகத் தீர்ந்த வழக்குகள் ஆறுக்கு மேல் இல்லை. 'ஆம்' என்று சொல்லிவிட்டால் பக்தர்கள் சுவிசேஷத்தைவிட அதை உயர்த்திப் பிடிக்கிறார்கள். ஆயர்களின் தீர்ப்புகளும் முன்னுக்குப் பின் முரணாகின்றன. ஆம்ஸ்டர்டாமில் 1945 முதல் 1959 வரை ஒரு பெண் கண்டதாகச் சொன்ன 'சகல ஜனங்களின் மாதா' காட்சி கண்முன் நிற்கும் உதாரணம்: 1956ல் ஆயர் ஏற்கவில்லை, 1974ல் ரோம் மறுத்தது, 2002ல் வேறோர் ஆயர் ஏற்றுக்கொண்டார், 2020ல் அடுத்த ஆயர் ரோமைக் கேட்டுவிட்டுத் திரும்பப் பெற்றார், 1974ஆம் ஆண்டுத் தீர்ப்பையே 2024 ஜூலையில் வாடிகன் பகிரங்கமாக வெளியிட்டது. நடுவில் அந்த மாதாவை நம்பி ஜெபித்தவர்கள் என்ன செய்வார்கள்?

விதிகளில் இன்னொரு வரியும் கவனிக்கத்தக்கது. காட்சி கண்டதாகச் சொல்லி அடுத்தவரை அடக்கி ஆள்வதும் அத்துமீறல்களில் இறங்குவதும் தனிக் கடுமையோடு பார்க்க வேண்டிய குற்றம் என்கிறது அது. அனுபவத்தில் அடிபட்டவர்கள் எழுதிய வரி. மெட்ஜுகோரியேவில் ஆரம்பகாலத்தில் காட்சியாளர்களுக்கு ஆலோசகராக இருந்த பாதிரியார் ஒருவர் 2009ல் குருத்துவப் பணியிலிருந்து நீக்கப்பட்டார். 2020ல் திருச்சபையிலிருந்தே விலக்கப்பட்டார்.

இவ்வளவுக்குப் பிறகும் பழைய மரபினரின் ஆட்சேபத்தில் உயிர் இருக்கிறது. அவர்கள் கேட்பது எளிய கேள்வி: ஆறு பேர் நாற்பது ஆண்டுக்கு மேலாக மாதாவைப் பார்ப்பதாகச் சொல்கிறார்கள். அவர்கள் உண்மை சொல்கிறார்கள், அல்லது தாங்களே ஏமாந்திருக்கிறார்கள், அல்லது ஊரை ஏமாற்றுகிறார்கள். நாலாவது வழி ஏது? பலன்கள் நன்றாக இருக்கின்றன, ஆகவே போய் வாருங்கள் என்று சொன்னால், வேர் எதுவாக இருந்தாலும் கனி இனித்தால் போதும் என்று ஆகாதா? லூர்து ஆயர் லொரான்ஸ் நான்கு வருடம் யோசித்துவிட்டுத் தன் பெயரைப் போட்டு 'ஆம்' என்றார். ருவாண்டாவின் கிபேஹோவில் காட்சி கண்டதாகக் கிளம்பிய பலரில் மூன்று பெண்களை மட்டும் தேர்ந்தெடுத்து 2001ல் ஆயர் 'ஆம்' என்றார். சந்தேகப்படுவது உண்மையைக் கண்டுபிடிப்பதற்காகவே. கண்டுபிடிப்பதையே கைவிட்ட பிறகு சந்தேகத்துக்கு என்ன வேலை என்று அவர்கள் கேட்கிறார்கள். வாடிகனிடம் இதற்கு நிர்வாகரீதியான பதில் இருக்கிறது. அது கேள்விக்கான பதில்தானா என்பது வேறு விஷயம்.

வேளாங்கண்ணியில் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதாகத் தெரியவில்லை. மோர்க்காரச் சிறுவன், கரை சேர்ந்த போர்ச்சுகீசிய மாலுமிகள் என்று அங்கே வழங்கும் கதைகள் செவிவழி வந்தவை. விசாரணைக் குழுவோ ஆயர் தீர்ப்போ இல்லாமலே 1962ல் அது பேராலயமாக உயர்ந்தது. 2024 ஆகஸ்டில் தஞ்சாவூர் ஆயருக்கு வாடிகனின் அதே விசுவாசக் கோட்பாட்டுத் துறை எழுதிய கடிதம், பிற மதத்தவரும் அங்கே ஆறுதல் தேடி வருவதைப் பாராட்டுகிறது. அங்கே சான்று கேட்பாரும் இல்லை, கேட்காததால் சண்டையும் இல்லை.

மெட்ஜுகோரியேவுக்கு அந்த அமைதி வாய்க்கவில்லை. காட்சியாளர்களைச் சந்திப்பதற்காக அங்கே போகாதீர்கள் என்கிறது 2024ஆம் ஆண்டு ஆவணம். மாதாவின் செய்திகள் என்று எழுதாதீர்கள், மாதா தந்ததாகச் சொல்லப்படும் செய்திகள் என்று எழுதுங்கள் என்கிறது. ஒவ்வொரு மாதமும் 25ஆம் தேதிக்கான செய்தி நிற்கவில்லை. வெளியிடும் முன் போப்பின் பிரதிநிதி படித்துப் பார்த்து அனுமதிக்க வேண்டும் என்பது மட்டும் புதிது.